புலி எழுதிய உடல்: வாடிப்பட்டிப் பகுதிப் புலியாட்டத்தின் தொன்மை குறித்து

தமிழ்நாட்டு ஆடற்கலைகளைப் பற்றி எழுதப் புகுவோர் புலியாட்டத்தைப் பெரும்பாலும் இரண்டு தொடர்களில் சொல்லி முடித்துவிடுவர். அது சங்ககாலந்தொட்டு வருவது என்பது முதல் தொடர். அது மறைந்து வருகின்றது என்பது இரண்டாவது. முன்னதற்குச் சான்று காட்டுவாரைக் காண்டல் அரிது. பின்னதற்குச் சான்று வேண்டுவதில்லை என்று கருதுகின்றனர் போலும். முதல் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு அஃது எவ்வளவு பொருந்தும் என்று நோக்குவதே இக்கட்டுரையில் எம் கருத்து. தொன்மை கூறுதல் ஒரு கலைக்குச் சிறப்புச் செய்வதாகத் தோன்றும். சில வேளைகளில் அக்கலையைச் செய்தவர்களை மறைத்துவிடும் கேடும் அதனால் நேர்வதுண்டு. புலியாட்டத்தில் அவ்வாறு நேர்ந்திருப்பதாகவே யாம் ஐயுறுகின்றோம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் பெருவழியில், சிறுமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வாடிப்பட்டி. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்ட பின்னர், பெரியாற்றுக் கால்வாயால் இப்பகுதி நெல்விளையும் நிலமாயிற்று. ஏறுதழுவலுக்குப் பெயர்பெற்ற அலங்காநல்லூரும் பாலமேடும் இவ்வட்டத்தின்பாற் பட்டனவே. ஊரின் பெயரைத் தமிழகம் முழுதும் கொண்டு சென்றது மேளம். கோயில் விழா, திருமணம், இறப்பு, கட்சி ஊர்வலம் ஆகிய எதுவாயினும் 'வாடிப்பட்டி மேளம்' என்று கேட்டு வாங்கும் வழக்கம் தொலைவூர்களிலும் உண்டு. மேளம் உள்ள இடத்தை ஆட்டக்காரர் நாடி வருதல் இயல்பு. கரகம், பொய்க்கால் குதிரை, மயில், காளை முதலியவற்றோடு புலியும் அம்மேளத்தின் முன்னே ஆடும்.

இவ்வூர்ப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் விழாவின்போது புலி எழுதப்படுவதை அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. ஆட்டத்தை முன்பே பன்முறை கண்டிருந்தும், எழுதுவதைக் கண்டது அதுவே முதன்முறை. உச்சிப்பொழுது கழிந்த நேரம். கோயிலுக்குப் பின்புறம் புளியமர நிழலில் இளைஞர் மூவர், அரைக்கச்சையோடு, இரு கைகளையும் அகற்றி, குறுக்கே கட்டிய மூங்கிற்கழியைப் பற்றி நின்றனர். உடலில் மயிர் முழுதும் முன்னாளிரவே மழிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் பூச்சு உலர்ந்தபின் வயிற்றிலும் மார்பிலும் வெண்மை, அதன்மேற் கருவரி. எழுதுகின்ற முதியவர், நடுமுதுகிலிருந்து தொடங்கி இருபுறமும் ஒத்த வரிகளை இழுத்து விலாவரை கொணர்ந்தார். இடையிடையே இளைஞரிடம், "வகுத்த எக்காத, தம்பி. மூச்ச மெதுவா விடு, வரி கலங்கிப் போகும்" என்றார். அவ்விளைஞர் மறுமொழி கூறவில்லை. வாயைத் திறந்தால் கன்னத்து வரி கெடும். ஏறத்தாழ நான்கு மணிநேரம் அவர்கள் உட்காரவே இல்லை என்பதை யாம் குறித்துக்கொண்டோம்.

இக்காட்சியை இங்கு விரித்தமைக்குக் காரணம் உண்டு. புலியாட்டத்தின் தொன்மையை ஆராய்வோர் ஆட்டத்தையே நோக்குகின்றனர்; எழுத்தை நோக்குவதில்லை. பாய்தல், பதுங்குதல், உறுமுதல் ஆகியவை எந்நாட்டிலும் எக்காலத்திலும் மக்கள் விலங்கைப் போலச் செய்து காட்டியவை. அவற்றைக் கொண்டு காலம் கணித்தல் இயலாது. மனிதத் தோலையே தோலாகக் கொண்டு அதன்மீது விலங்கின் தோலை எழுதுவதே இவ்வாட்டத்தின் சிறப்பியல்பு. வரலாறு காண வேண்டுமாயின் இதற்கே காண வேண்டும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். மக்கள் வழக்கில் இஃது 'வேஷம் கட்டுதல்', 'வேஷம் போடுதல்' என வழங்கும். கட்டுதலும் போடுதலும் உடைக்குரிய வினைகள். புலியாட்டக்காரர் கட்டிக்கொள்வன வால், நகம், காது வைத்த தலையணி ஆகியவையே. ஏனைய உடல் முழுதும் எழுதப்படுவது. (வேடன், வேடம் ஆகிய இரு சொற்களையும் ஒரே வேரில் நிறுத்தி, வேட்டுவரின் ஆட்டமே வேடம் ஆயிற்று என்பாரும் உளர். பின்னது வடசொற்றிரிபு, யாம் அதற்கு உடன்பட்டிலம்.) எழுதுதல் என்னும் வினை பண்டைத் தமிழில் உடலோடு நெருங்கிய உறவுடையது. கண்ணுக்கு மையெழுதினர், தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். சந்தனக் குழம்பு கொண்டு கரும்பும் கொடியும் எழுதிய அத்தொய்யிலைக் கலித்தொகையிலும் மதுரைக்காஞ்சியிலும் காணலாம். ஆயின் தொய்யில் எழுதப்பட்ட மகளிர் கரும்பாகவோ கொடியாகவோ மாறிவிடுவதில்லை. அஃது அழகு செய்யும் எழுத்து, உருமாற்றும் எழுத்தன்று. ஆகவே உடலில் எழுதும் பழக்கம் தொன்மையானது என்று மட்டும் தொய்யிலைக் கொண்டு கூறலாம். விலங்கை எழுதினர் என்று கூறலாகாது.

தொன்மை நாடுவோர் அடுத்துச் செல்லும் இடம் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி. மதுரைக் காண்டத்தில் அமைந்த பகுதி அது. அதற்கு முந்திய காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுங்கால் பாண்டியனது சிறுமலையையும் சுட்டுகின்றான். எனவே வாடிப்பட்டியிலிருந்து எழுதுவோர்க்கு அப்பகுதியின்மீது ஒரு பற்று உண்டாதல் இயல்பே. எமக்கும் உண்டு. ஆயினும் நூல் சொல்வதை நூல் சொன்னபடியே கொள்ளல் வேண்டும். எயினர் தம் குடிக் குமரியைக் கொற்றவையாகப் புனைகின்றனர். கூந்தலைச் சடையாக முடித்துச் சிறு பாம்புருவைச் சுற்றுகின்றனர், பன்றிக் கோட்டைப் பிறையாகச் சார்த்துகின்றனர், புலிப்பல் கோத்துத் தாலியாக அணிவிக்கின்றனர், வரியும் புள்ளியும் உடைய தோலை மேகலையாக உடுத்துகின்றனர், கலைமான்மேல் ஏற்றுகின்றனர். இங்கு விலங்குகள் பல உள. ஆயின் ஒன்றும் எழுதப்படவில்லை. பல், கோடு, தோல் ஆகிய அனைத்தும் விலங்கின் உண்மை உறுப்புக்கள். அவற்றை அணிந்தவள் புலியும் ஆகவில்லை, தெய்வம் ஆயினாள். புலியைக் கொன்ற கையுடையோர்க்குப் புலியை எழுத வேண்டிய தேவையில்லை. தோலே கையில் உள்ளது.

இவ்வேறுபாடு சிறிதன்று. சங்க நூல்களில் சிறார்க்குப் புலிப்பல் தாலி பூட்டிய செய்தி பலவிடத்தும் வருகின்றது. சோழன் புலியைப் பொறியாகக் கொண்டான். புலியின் பகுதியோ அடையாளமோ பண்டையோர் வாழ்வில் இடம்பெற்றிருந்தது என்பதற்கு இவை சான்றாம். சோழர் பொறியைப் புலியாட்டத்தின் வேராகக் காட்டுவோர், கயற்பொறி வழங்கிய பாண்டி நாட்டில் பகைவன் பொறியை மக்கள் ஏன் உடலெங்கும் எழுதிக்கொண்டனர் என்பதற்கும் விடை கூறுவாராக.

ஒன்றை மட்டும் இலக்கியத்திலிருந்து ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகின்றது. வேங்கை என்பது மரத்திற்கும் பெயர், புலிக்கும் பெயர். கரிய பாறைமேல் உதிர்ந்த வேங்கையின் மஞ்சட்பூக்கள் புலிக்குருளைபோல் தோன்றுதலைக் குறுந்தொகைப் பாட்டொன்று கூறும். வேங்கைப்பூக் கொய்யும் மகளிர் 'புலி, புலி' என்று கூவுவதும், அதனை மெய்யெனக் கொண்டு பிறர் வில்லொடு வருவதும் அகநானூற்றில் வரும் செய்திகள். கருமைமேல் மஞ்சளும், மஞ்சள்மேற் கருமையும் கண்ட அளவில் புலி என்று மனம் கொள்ளும் அப்பார்வைப் பழக்கம் குறிஞ்சிப் பாட்டுக்களில் நன்கு பயின்றது. புலியாட்டம் நிற்பதும் அப்பார்வையின்மேலேதான். ஆட்டக்காரரின் முகம் மனித முகம். நடை இருகால் நடை. மஞ்சளும் கருவரியுமே புலி. ஆயினும் பார்வை பழையது என்பதால் தொழில் பழையது ஆகிவிடாது.

'வரி' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. புலியின் உடற்கோடும் வரி, எழுதிய கோடும் வரி, இசைப்பாட்டும் வரி, கூத்தும் வரி. சிலப்பதிகார வேனிற்காதையில் எண்வகை வரி கூறப்படுகின்றது. பிறந்த நிலமும் செய்யும் தொழிலும் தோன்ற ஆடுவது வரி எனவும், வேற்றுருக் கொண்டு நடித்தல் உள்வரி எனவும் அடியார்க்கு நல்லார் உரையால் அறிகின்றோம். வேற்றுருக்கொண்டு ஆடும் கூத்து தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவ்வுரை போதிய சான்று. ஆயின் அவ்வேற்றுரு விலங்குருவா என்பதற்கும், வண்ணத்தால் ஆயதா என்பதற்கும் அங்கே விளக்கம் இல்லை. மேடைப் பூச்சிற்கு இன்றளவும் வழங்கும் 'அரிதாரம்' என்னும் பெயர், அரிதாரம் என்ற மஞ்சட்கல்லின் பெயரே. கூத்தர் முகத்தில் முதலிற் படிந்த நிறங்களுள் மஞ்சள் ஒன்று என்பதை அச்சொல் காட்டும். அதுவும் முகப்பூச்சே, மெய்ப்பூச்சன்று.

இனி, உடல் முழுதும் புலி எழுதியமைக்குத் தெளிவான எழுத்துச் சான்று எங்கே கிடைக்கின்றது? தமிழ்ப் புலவர் அதிகம் புகாத ஓரிடத்தில் கிடைக்கின்றது. ஏலூர்ப் பக்கத்தவரான சாபர் சரீப் என்பார் தொகுத்துத் தர, சென்னைப் படைமருத்துவர் எர்க்ளாட்சு ஆங்கிலத்தில் பெயர்த்து 1832இல் இலண்டனில் வெளியிட்ட 'கானூனே இசுலாம்' என்னும் நூல், தென்னாட்டு இசுலாமியரின் வழக்கங்களை விரித்துரைப்பது. முகரம் நாட்களில் பலவகை வேடம் பூண்டு தெருவில் வருவோரை வரிசைப்படுத்துகையில், உடலில் வண்ணம் தீட்டிப் புலியாக வருவோரையும் அந்நூல் அவருள் வைக்கின்றது. நேர்ந்துகொண்டு அவ்வாறு வேடம் பூணும் வழக்கம் தெலுங்கு நாட்டில் பின்னரும் நீடித்தது. இந்துக்களும் அந்நாட்களில் புலியாக வந்தனர்.

அண்டை நாடுகளை நோக்கினும் இதே போக்கைக் காண்கின்றோம். திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் நிகழும் புலிக்களியை, கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் தொடங்கினார் என்பது அவ்வூர் வழக்கு. அவர் ஆட்சி 1790 முதல் 1805 வரை. அங்கிருந்த படைவீடுகளில் இசுலாமிய வீரர் முகரத்தின்போது புலிகெட்டி ஆடினர் என்னும் செய்தியும் அங்கு வழங்குகின்றது. துளு நாட்டில் பிலிவேஷம் நவராத்திரியிலும், உடுப்பியில் கண்ணன் பிறந்த நாளிலும் ஆடப்பெறும். அங்கு அரிசிமுடியைப் பல்லாற் கடித்துத் தலைக்குமேல் வீசுவது வலிமை காட்டும் செயல். தமிழ்நாட்டுப் புலியாட்டத்தில் ஆட்டுக்கடாவின்மேற் பாய்ந்து வாயாற் கவ்வுவது அதற்கு இனமானது. சமயங்கள் வேறு, விழாக்கள் வேறு. வண்ணமும் வரியும் நகரத் தெருவும் படைவீட்டு மணமும் எங்கும் ஒன்று. இக்கலை ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தாக எக்காலத்தும் இருந்ததாகத் தெரியவில்லை.

மதுரை, திண்டுக்கற் சீமைக்கு இப்போக்கு எவ்வாறு பொருந்தும்? ஐதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌசுதாராக அமர்ந்தார். இடையிற் கைமாறினும் அச்சீமை 1792இல் நிகழ்ந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற்றான் கும்பினியார்க்கு முடிவாக உரியதாயிற்று. ஐதரின் மைந்தர் திப்பு புலியையே தம் அரசின் அடையாளமாகக் கொண்டவர். அவர்தம் படைவீரர் புலிவரி அமைந்த உடை அணிந்தனர். மனித உடல் முழுதும் புலிவரி தோன்ற அணிவகுத்து நடந்த காட்சி தென்னாட்டில் அப்பொழுது கண்கூடாயிருந்தது. மதுரையிலோ 1764இல் தூக்கிலிடப்படும்வரை யூசுப்கான் ஆண்டார். அதற்கு முன்னும் பின்னும் ஆர்க்காட்டு நவாபின் படைகள் தங்கின. வாடிப்பட்டி இவ்விரு கோட்டைகட்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. திப்புவின் சட்டையே புலியாட்டமாயிற்று என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறின், சங்கப் பாட்டிலிருந்து நேரே தாவுவோர் செய்யும் பிழையையே யாமும் செய்தவராவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஊர்வலங்களின் காலம். கொடி, பஞ்சா, யானை, குதிரை, வாத்தியம், வேடம் என அனைத்தும் தெருவிற் கூடிய காலம். உடல் முழுதும் எழுதிய புலி அத்தெருவில் உருப்பெற்றது என்பதே கிடைத்த சான்றுகட்கு ஒத்த முடிபாகத் தோன்றுகின்றது.

இதற்கு ஒரு தடை எழும். நாட்டுப்புற மக்களின் ஆட்டத்தை எப்புலவர் எழுதி வைத்தார்? எழுதாமையால் இல்லை என்றல் தகுமோ? தகாது என்பதே எம் விடையும். புலியொடு பொருது மாண்டார்க்கு எடுத்த நடுகற்கள் கொங்கு நாட்டில் பலவாகக் கிடைக்கின்றன. அத்தகைய வீரரின் போரை ஊரார் ஆடிக் காட்டியிருத்தலும் கூடும். ஆயின் அந்நடுகற்களில் வீரனே முதல்வன். புலி அவன் குத்திய விலங்கு. புலியாட்டத்திலோ புலியே முதல்வன். வேட்டைக்காரன் சிலவிடத்து உடன் வருவான். அவன் சிரிப்பு மூட்டுதற்கு வருபவன். துப்பாக்கியை நீட்டி ஓடுவதும் விழுவதும் அவன் வேலை. புலி வாழ்ந்த காட்டகத்து மக்கள், புலியை இவ்வாறு உயர்த்தி வேடனைத் தாழ்த்தி ஆடியிருப்பரா என்பது எண்ணற்பாலது. உண்மையில் இவ்வாட்டம் செழித்த திருச்சூர், மங்களூர், ஐதராபாத்து, மதுரை ஆகிய யாவும் சமவெளியும் நகரமுமே. மதுரைக்குத் தென்மேற்கே திருவில்லிபுத்தூர் மேகமலைப் பகுதி 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சிறுமலையிலோ இன்று புலியில்லை. புலியைக் காணாத கண்களுக்கே புலி எழுதிக் காட்டப்படுகின்றது.

தொன்மை வாதத்தால் மறைக்கப்படுவோர் யாவர் என்று முன்னர்க் குறித்தோம். முகரத்துப் புலிகளாக வந்த இசுலாமியர் ஒருசாரார்; தோற்கருவி முழக்கியும் உடலை எழுதக் கொடுத்தும் இக்கலையைத் தெருவில் நிறுத்திய உழைப்பாளர் மற்றொரு சாரார். புலியாட்டத்தைச் சிலப்பதிகாரத்தோடு முடிச்சிட்டவுடன் இடைப்பட்ட நூற்றாண்டுகளும் அவற்றில் வாழ்ந்த மக்களும் வேண்டாதவராகிவிடுகின்றனர். பாண்டி நாட்டில் முகரம் இசுலாமியர்க்கே உரிய நாளாக இருந்ததில்லை. திருப்புவனத்தை அடுத்த முதுவன்திடலில் இந்துக்கள் இன்றும் முகரத்தில் பூக்குழி இறங்குகின்றனர்; அதனைத் தம் ஊர் விழாவாகவே கொண்டாடுகின்றனர். ஒரு விழாவின் வேடம் மற்றொரு விழாவிற்குச் செல்ல இத்தகைய ஊர்களில் என்ன தடை இருந்திருக்கும்?

உடலில் எழுதுவதற்கு மற்றொரு முகமும் உண்டு. 'கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுதல்' என்பது தமிழர் நன்கறிந்த தொடர். குற்றஞ்செய்தான் என்று ஊர் கருதியவனை இழிவுபடுத்த அவனுடலிற் புள்ளியிட்டனர். அதே கரும்புள்ளியும் செம்புள்ளியும் தென்மாவட்ட மாரியம்மன் விழாக்களில் நேர்த்திக்கடனாகவும் இடப்பெறுகின்றன. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சேற்றை உடல் முழுதும் பூசிச் சேத்தாண்டி வேடம் கொள்வோரும் உளர். தானே வேண்டிப் பெற்ற இழிவு அங்கே வழிபாடாகின்றது. புலியின் வரி இவ்விரண்டிலும் அடங்காது. இழிவுக்காகவும் அன்று, எப்பொழுதும் நேர்த்திக்காகவும் அன்று. பல வேளைகளில் கூலிக்காக. கூலிக்காகத் தன் தோலை நான்கு மணிநேரம் பிறர் கையில் ஒப்படைத்து நிற்பவன், எழுதி முடித்தவுடன் ஊரே அஞ்சி விலகும் புலியாகின்றான். நாள்தோறும் ஒதுங்கி நடக்குமாறு பணிக்கப்பட்ட குடியினர், தெரு முழுதையும் தமதாக்கிப் பாய்ந்து நடந்த நாட்கள் அவை. இம்மாற்றத்தை வேட்டுவ வரியின் குமரியோடு ஒப்பிடுதல் ஒருவாறு பொருந்தும். அங்கும் எளிய குடியிற் பிறந்தவள் ஒருத்தி ஒருநாள் வணங்கப்படுகின்றாள். வேர் ஒன்றென்று கூறாமல் நிலைமை ஒன்றென்று கூறுவதாயின் எமக்கும் உடன்பாடே.

எழுதும் முறையும் காலத்தோடு மாறியது. மஞ்சளும் விளக்குக்கரியும் எளிதில் அழிவன. வியர்வை பட்ட அளவிற் கரைவன. கதவுக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய் வண்ணம் வந்தபின் வரி கலங்காது நின்றது, பளபளப்பும் கிடைத்தது. ஆயின் வியர்வை வெளிப்பட வழியின்றி உடல் வெந்தது. சித்திரை வெயிலில் அவ்வண்ணத்தோடு மேளத்திற்கு ஈடாக ஆடுவது எத்தகைய துன்பம் என்பதை ஆட்டத்தைப் பார்ப்போர் அறியார். திருச்சூரில் பருத்த வயிறுடையோரைத் தேர்ந்து அவ்வயிற்றிலேயே புலிமுகம் எழுதுவர். அவர் குலுங்குந்தோறும் புலி வாய் திறந்து மூடும். வரிப்புலி, புள்ளிப்புலி என அங்கே இருவகை உண்டு. 2016இல் பெண்டிரும் அங்குப் புலியாக எழுதப்பெற்று ஆடினர். எம் நாட்டில் வயிற்றில் முகமெழுதும் வழக்கம் பரவவில்லை. முதுகுவரியே எழுதுவோன் திறத்திற்கு அளவுகோல். குலசேகரன்பட்டினத் தசராவில் புலியும் கரடியும் குரங்குமாக வருவோர் பெரும்பாலும் தைத்த உடையும் முகமூடியும் அணிகின்றனர். அது துன்பமற்றது, விரைவில் மாற்றத்தக்கது. அங்ஙனம் தைத்த உடை எங்கும் பரவுமாயின், வேட்டுவ வரியின் தோலாடைக்குப் புலியாட்டம் வேறொரு வழியில் மீண்டுவிட்டது என்று சொல்ல நேரும். தொன்மை வேண்டுவோர் அப்பொழுது மகிழ்வரோ, அறியோம்.

விழா முடிந்த இரவு யாம் மீண்டும் அப்புளியமரத்தடிக்குச் சென்றோம். மூவரும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தனர். கருவரிகள் முதலிற் கலைந்து மஞ்சளோடு கூடிப் பச்சையாய் வழிந்தன. எழுதிய முதியவர் சற்று அப்பால் அமர்ந்து தம் தூரிகைகளைக் கழுவினார். அவற்றுள் ஒன்று மிக மெல்லியது. மீசைமயிர் எழுதுவதற்கென்று தாமே கட்டியது என்றார். இத்தொழிலை யாரிடம் கற்றீர் என்று வினவினோம். தம் ஆசான் ஓர் இசுலாமியப் பெரியவர் என்றும், அவர் முகரத்திற்கும் எழுதுவார், மாரியம்மன் பொங்கலுக்கும் எழுதுவார் என்றும் கூறிவிட்டு, "புலிக்கு என்னய்யா, எந்தச் சாமி முன்னாடியும் ஆடும்" என்று தூரிகையை உதறினார்.